அருவாளுக்கு எதற்கு நஞ்சுப் பூச்சு? கடுக்காய் இருக்கே!

மீஞ்சூர் பக்கம் நடந்த மாதக் கூட்டம் முடிந்து மோர் குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு தம்பி சட்டைப் பையிலிருந்து சின்ன பாட்டில் ஒன்றை எடுத்துக் காட்டினார். "அண்ணே, நீங்க பட்டறையில வேலை பாத்தவருதானே? இதைப் பஞ்சுல தொட்டு இரும்புல தேய்ச்சா ரெண்டு நிமிசத்துல கருநீலமா மாறிடுது. உலை வேணாம், சூடு வேணாம். துருவும் பிடிக்காதுன்னு போட்டிருக்கான். நம்ம அருவா, மம்பட்டிக்குப் போடலாமா?"

அந்தப் பாட்டிலை எனக்கு நன்றாகவே தெரியும். திருவொற்றியூர் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்தவன் நான். அதற்குப் பெயர் கோல்டு புளூயிங். இரும்பைச் சூடாக்காமலே கறுப்பாக்கும் திராவகம். துப்பாக்கி, அளவுக் கருவி, டை, ஃபிக்சர் இவற்றில் கீறல் விழுந்த இடத்தை மறைக்க வந்த பொருள். "வேணாம் தம்பி" என்று அங்கேயே சொன்னேன். ஆனால் வேண்டாம் என்று சொல்வது பாதிப் பதில்தான். கருவி துருப்பிடிக்கிறது, அதற்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்பதும் உண்மைதானே. மீதிப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க் காற்று

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டியே போகிற ஊர்களில் இரும்பு வைத்திருப்பவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி நாலு வருடத்தில் உரிந்து தொங்கும். மாடித் தோட்டத்துக்கு வாங்கிய கொத்து அடுத்த ஆடிக்குள் பல்லிழந்துவிடும். ஒரே கடையில் வாங்கிய இரண்டு மம்பட்டியில் ஒன்று திருவள்ளூரில் பளபளக்கும், இன்னொன்று எண்ணூரில் செம்மண் நிறமாகும்.

காரணம் உப்பு. அலை உடையும்போது தெறிக்கிற பொடித் துளிகள் காற்றில் ஏறி வந்து இரும்பின் மேல் படிகின்றன. கடற்கரையிலிருந்து உள்ளே போகப் போக இந்தப் படிவு வேகமாகக் குறைந்துவிடும். கரையோரத்து முதல் சில நூறு மீட்டர்தான் மோசம். காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் ஆட்கள் 'சிக்ரி' என்பார்களே, அது நாட்டின் பல இடங்களில் உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் மாட்டிவைத்து, எவ்வளவு எடை குறைகிறது என்று அளந்து, இந்தியாவுக்கே ஓர் அரிப்பு வரைபடம் தயாரித்திருக்கிறது.

கடல் உப்பு என்றால் சமையல் உப்பு மட்டும் இல்லை. அதில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் கசியும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது அதனால்தான். மெக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்கிவிடும். நம் கடற்கரையில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்கும் நாள் அபூர்வம். அதாவது, கொட்டகையில் காய்ந்து தொங்குவதாக நீங்கள் நினைக்கும் அருவாள் உண்மையில் இரவும் பகலும் நனைந்துகொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு ஈரம், இரும்பைத் தின்ன அது போதும். இதோடு வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களின் புகை வேறு. அதில் உள்ள கந்தக டை ஆக்சைடு ஈரத்தில் கரைந்தால் அமிலம். உப்பும் கந்தகமும் சேர்ந்த காற்றில் இரும்பு படும் பாடு தனி.

'நான்தான் யூரியா, பொட்டாஷ் எதையும் தொடுவதில்லையே' என்று நிம்மதி அடைபவர்களுக்கு ஒரு வார்த்தை. பொட்டாஷ் உரம் என்று விற்பதில் பெரும்பாலானது குளோரைடு, அது இரும்புக்கு எதிரி, உண்மைதான். ஆனால் கோமியத்திலும் உப்பு இருக்கிறது. அமிர்தக்கரைசல் கலக்கிய இரும்பு வாளியும், பஞ்சகவ்யா பட்ட களைக்கொத்தும் கழுவாமல் கிடந்தால் துருப்பிடிக்கத்தான் செய்யும். இரும்புக்கு இயற்கை, செயற்கை என்ற பேதம் தெரியாது.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது

பட்டறையில் நாங்கள் பிளாக்கனிங் என்று சொல்வது வேறு. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலை 140 டிகிரி வாக்கில் கொதிக்கவைத்து, அதில் இரும்பை முக்குவார்கள். இரும்பின் மேல்தோலே கறுப்பு ஆக்சைடாக, காந்தத்தில் ஒட்டுகிற மேக்னடைட்டாக மாறும். அது உண்மையான கறுப்பு. ஆனால் ஒரு சொட்டு தெறித்தாலும் தோல் வெந்துவிடும். வீட்டில் செய்கிற வேலை இல்லை.

பாட்டிலில் வருகிற குளிர்ந்த முறையில் நடப்பது வேறு. பெரும்பாலும் அதில் செலினியஸ் அமிலம், செம்பு உப்பு, கூடவே வேறு ஏதாவது ஓர் அமிலம் இருக்கும். இரும்பில் பட்டதும் செம்பும் செலினியமும் சேர்ந்து கறுப்பாகப் படியும். இரும்பின் தோல் மாறவில்லை, மேலே ஒரு மெல்லிய சாயம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். தேய்த்தால் போய்விடும். மண்ணில் நாள் முழுக்க உராயும் மம்பட்டிக்கு இது ஒரு காலை வேலைக்குக்கூடத் தாங்காது.

செலினியம் என்பது நமக்கும் மாட்டுக்கும் துளியூண்டு தேவைப்படும் சத்துதான். ஆனால் தேவைக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. பஞ்சாபில் நவான்ஷகர், ஹோஷியார்பூர் மாவட்டங்களின் சில கிராமங்களில் மண்ணிலேயே செலினியம் அதிகம். அங்கே விளைந்த தீவனத்தைத் தின்ற மாடுகளுக்கு முடி கொட்டும், குளம்பு கழலும். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் 1983இல் பறவை முட்டைகளைப் பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். கண் இல்லாமலும் அலகு கோணியும் குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே செத்துக் கிடந்தன. வயல்களிலிருந்து வடிந்த பாசன நீர் மண்ணிலிருந்த செலினியத்தைக் கரைத்துக் கொண்டுவந்து அங்கே சேர்த்திருந்தது.

ஒரு பாட்டிலால் உங்கள் வயல் கெஸ்டர்சன் ஆகிவிடாது. பயமுறுத்த இதை எழுதவில்லை. உடனடி ஆபத்து தடவுகிறவருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும்தான். செலினியஸ் அமிலத்தைக் கொஞ்சம் குடித்தாலே உயிர் போகும். மூடிய அறையில் அதன் ஆவியும் ஆகாது. தடவி முடித்து அலசுகிற தண்ணீர் எங்கே போகும்? கிணற்றடியில்தான். மண்ணுக்கு நஞ்சு வேண்டாம் என்று பத்து வருடமாகப் பாடுபட்ட மனிதர், கருவி வழியாக அதை உள்ளே கொண்டுவருவானேன் என்பதுதான் என் கேள்வி. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் சாக்கடையில் ஊற்ற வேண்டாம், வரப்போரம் புதைக்கவும் வேண்டாம். கையுறை போட்டு இதைப் பயன்படுத்துகிற லேத் பட்டறை ஒன்றுக்குக் கொடுத்துவிடுங்கள்.

சரி, நஞ்சு என்றாலும் துருவைத் தடுக்கிறதா? அதுவும் இல்லை. லாரிப் பட்டையில் வெட்டிய நாலு துண்டுகளைத் திருவொற்றியூர் மொட்டைமாடியில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். வெறும் இரும்பு மறுநாள் காலையிலேயே மஞ்சள் பூத்தது. பாட்டில் திராவகம் தடவியது சில நாளில் ஊசிப் புள்ளியாகச் சிவந்தது. கடுக்காய் பூசி எண்ணெய் தடவாமல் விட்டதும் புள்ளி போட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். கடுக்காய் பூசி எண்ணெயும் தடவியதுதான் நின்றது. ஆக, காப்பது எண்ணெய். கறுப்புத் தோல் அந்த எண்ணெயைப் பிடித்துவைக்கும் பஞ்சு மாதிரி. இதைப் புரிந்துகொண்டால், பாட்டிலில் இருக்கும் வித்தை மேல் உள்ள ஆசை தானாகப் போய்விடும்.

கடுக்காய்க் கறுப்பு

வாழைக்காய் நறுக்கினால் அருவாமனை கறுத்துப்போகிறது, கை விரலும் கறுக்கிறது. பார்க்காதவர் யார்? காயில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த நிறம் அது. துவர்ப்பை டானின் என்பார்கள். அது இரும்போடு சேர்ந்து காற்றுப் பட்டால் கருநீலமாகும். நம் மண்ணில் துவர்ப்புக்குக் கடுக்காயை விட்டால் வேறு எது? காரைக்கட்டுக்கு ஊறவைத்தார்கள், தோல் பதனிட்டார்கள். கலம்காரித் துணியின் கறுப்புக் கோடும் இதே கணக்குதான். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் பல நாள் புளிக்கவைத்து, அந்தக் கசிவைக் கடுக்காயில் தோய்த்த துணியில் தீட்டுவார்கள். தீட்டும்போது வெளிறியிருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பாகும். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர் கலம்காரி நம் தமிழ்நாட்டுக் கைவேலை. துணியில் அவர்கள் செய்வதை நாம் அருவாளில் செய்யப்போகிறோம்.

முதலில் கழுவ வேண்டும். இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போவார்கள், வேலை கெடுவதும் இங்கேதான். உப்பை உள்ளே வைத்து மேலே என்ன பூசினாலும் அடியில் அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். எங்கள் பகுதியில் இன்னொரு சிக்கல், கழுவுகிற தண்ணீரே உப்பு. சென்னையின் குடிநீருக்கும் மணலி ஆலைகளுக்கும் மீஞ்சூர், பஞ்செட்டி வட்டாரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. 1960களின் கடைசியிலேயே கண்டுபிடிக்கப்பட்ட விஷயம். நெல் போட்டவர்கள் பலர் நிலத்தை விட்டதே அதனால்தான். போர் தண்ணீரில் மண்வெட்டியைக் கழுவிக் காயவைத்தால் உப்பைப் பூசிக் காயவைத்த மாதிரி. மழைநீரைப் பிடித்து வையுங்கள். ஒரு குடம் இருந்தால் வருடத்துக்கு உங்கள் கருவிகளுக்குப் போதும். கருவியை ஒரு மணி நேரம் அதில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி இன்னொரு முறை ஊறவைத்தால் துருவுக்குள் ஒளிந்திருக்கும் உப்பு பெரும்பாலும் இறங்கிவிடும்.

பிறகு கம்பி பிரஷ்ஷால் உதிர்கிற துருவை மட்டும் எடுங்கள். உப்புத்தாள் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டாம். கடுக்காய்க்குக் கொஞ்சம் துரு வேண்டும், வெளுத்த இரும்பில் அது சரியாகப் பிடிக்காது. பழைய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பூந்திக்காய்த் தண்ணீரோ அடுப்புச் சாம்பலோ போட்டுத் தேயுங்கள். தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக நிற்காமல் ஒரே படலமாக ஓடினால் பிசுக்கு போய்விட்டது என்று அர்த்தம்.

இங்கே துறைமுகப் பக்கத்து ஆட்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய கம்பி, தகடு, சங்கிலி இவற்றில் ஆரஞ்சு நிறத்தில் அடிப்பூச்சு இருந்தால் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். கப்பலுக்கும் பாலத்துக்கும் அந்தக் காலத்தில் அடித்தது ரெட் லெட், அதாவது ஈயம். இன்று கடையில் கிடைக்கும் ரெட் ஆக்சைடு வேறு. அது செங்கல் நிறம், ஈயம் அடித்தது பளிச்சென்ற ஆரஞ்சு. சந்தேகமாக இருந்தால் அந்த இரும்பைத் தோட்டத்துக்குள் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் 100 கிராம் வாங்கிக் கொட்டையை எடுத்துவிடுங்கள். 'கடுக்காய்க்கு அகணி ஆகாது' என்பது மருந்துக்கு மட்டும் இல்லை, துவர்ப்பு இருப்பதும் தோலில்தான். தோலை இடித்து ஒரு லிட்டர் மழைநீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். மண்சட்டி, எவர்சில்வர் எதுவாகவும் இருக்கலாம். இரும்புச் சட்டி மட்டும் கூடாது, கடுக்காய் முழுவதையும் சட்டியே தின்றுவிடும். காலையில் சிறுதீயில் அரைமணி கொதிக்கவைத்து வடிகட்டினால் சாறு தயார். கடுக்காய் கிடைக்காத இடத்தில் ஆவாரம்பட்டை, கருவேலம்பட்டையும் வேலை செய்யும், கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டும்.

கருவியை வெயிலில் வைத்துக் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் துணியால் சாற்றைப் பூசுங்கள். முதல் பூச்சு ஏமாற்றமாக இருக்கும், அழுக்குச் சாம்பல் நிறம்தான் வரும். காயவிட்டு மறுபடி பூசுங்கள். மூன்றாவது, நான்காவது பூச்சில் கருநீலம் இறங்கும். சிவப்பாகவே நிற்கும் இடம் இருந்தால் அங்கே துரு கனமாக இருக்கிறது, பிரஷ் போட்டு மறுபடி பூசுங்கள். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள், இந்தக் கறை எதற்கும் போகாது. மிச்சச் சாற்றை எருக்குழியில் ஊற்றிவிடலாம்.

புதிதாகச் சாணை பிடித்த, வெள்ளையாக மின்னுகிற கருவி என்றால் முதலில் புளித்தண்ணீர் தடவிப் பத்து நிமிடம் விட்டு நன்றாக அலசுங்கள். ஈரத்துணியில் சுற்றி ஓர் இரவு வைத்தால் மெல்லிசாகப் பழுப்புப் பூக்கும். அதன் மேல் கடுக்காய் பிடிக்கும்.

களைக்கொத்து, கருக்கருவாள் மாதிரிச் சின்னக் கருவிகளுக்கு இன்னொரு வழி உண்டு, எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. அதே மாதிரி மெல்லிய துருவைப் பூக்கவைத்து, கைப்பிடியைக் கழற்றி, கருவியை மழைநீரில் கால்மணி நேரம் கொதிக்கவிடுங்கள். கண்ணெதிரே சிவப்புத் துரு கறுப்பாக மாறும். பட்டறையில் காஸ்டிக் சோடா செய்கிற அதே மேக்னடைட்தான் இது, வெறும் தண்ணீரிலும் நெருப்பிலும் கிடைத்தது. ஒட்டாத கரியை ஸ்டீல் உல்லால் மெல்லத் துடைத்து, மறுபடி பூக்கவைத்து, மறுபடி கொதிக்கவைக்க வேண்டும். நாலைந்து முறை செய்தால் வருகிற கறுப்பு எந்த பாட்டிலிலும் வராது. ஐரோப்பாவில் துப்பாக்கி செய்தவர்கள் ஒரு காலத்தில் இப்படித்தான் நாள்கணக்கில் உட்கார்ந்து செய்தார்கள். பொறுமை இருப்பவர்களுக்கான வேலை.

எதற்குப் பூசக்கூடாது

எவர்சில்வரில் எதுவும் பிடிக்காது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வாளி, கம்பிவலைக்கு அந்தத் துத்தநாகமே காப்பு, அதைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள், நெருப்பிலும் காட்டாதீர்கள், புகை காய்ச்சலைக் கொடுக்கும். மம்பட்டியின் முன்பக்கத்துக்கும் வேலை மிச்சம், மண்ணே தினம் தினம் தேய்த்து மெருகேற்றிவிடும். மம்பட்டி சாவது கைப்பிடி நுழையும் வளையத்தில். அங்கே ஈரமண் அடைத்துக்கொண்டு உள்ளிருந்து தின்னும். கடுக்காயை அங்கே ஊற்றுங்கள்.

அருவாளைக் கொல்லுப்பட்டறையில் சூடாக்கி எண்ணெயில் கறுப்பாக்கித் தரச் சொல்பவர்கள் உண்டு. நல்ல கொல்லராக இருந்தால் சரி, பதம் அவருக்குத் தெரியும். நாமே அடுப்பில் காட்டுவது வேண்டாம். இரும்பு சூடேறும்போது 230 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறம் காட்டும், 300ஐ நெருங்கினால் நீலம். அந்த நீலம் அழகுதான், ஆனால் வாயில் நீலம் ஏறிய அருவாளின் பதம் இளகிவிட்டது என்று பொருள். மின்சாணையில் அழுத்திப் பிடித்து நீலமாக்கிக் கொண்டுவரும் அருவாள்கள் மூன்று மரம் வெட்டியதும் மழுங்குவது இதனால்தான்.

டெல்லி இரும்புத் தூண் 1,600 வருடமாகத் துருப்பிடிக்காமல் நிற்கிறதே என்று யாராவது கேட்பார்கள். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதுவே ஒரு காப்புத்தோலை உண்டாக்கியிருக்கிறது. டெல்லிக் காற்றில் கடல் உப்பும் இல்லை. லாரிப் பட்டையில் அடித்த நம் அருவாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எண்ணெய்

கறுப்பாக்கிய அன்றே, இரும்பு இளஞ்சூடாக இருக்கும்போதே எண்ணெய் பூச வேண்டும். பாதிப் பேர் மெக்கானிக் கடையில் ஓசியில் கிடைக்கும் கழிவு ஆயிலைத் தடவுகிறார்கள். தேய்ந்த இன்ஜினின் உலோகமும், புற்றுநோய் தரக்கூடிய கரியும் அதில் இருக்கிறது. அது உங்கள் உள்ளங்கையிலும் கீரைப் பாத்தியிலும் இறங்கும். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்துக்குள் எண்ணெய் புகுந்தபோது படகும் வலையும் அலையாத்தி மரமும் எப்படி ஆயின என்று பார்த்தவர்கள் நாங்கள். அதைச் சிறிய அளவில் நம் கையாலேயே செய்ய வேண்டாம்.

தினம் புழங்கும் அருவாளுக்கு விளக்கெண்ணெய் போதும், கெட்டியாக ஒட்டி நிற்கும். வேப்பெண்ணெய், புங்க எண்ணெயும் ஆகும். மாதக்கணக்கில் சும்மா தொங்கப்போகும் கருவிக்கு, தேன்மெழுகு ஒரு பங்கும் விளக்கெண்ணெய் மூன்று பங்கும் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிக் களிம்பாக்கித் தடவுங்கள். தேனீ வளர்ப்பவர் யாராவது இயக்கத்தில் இருப்பார், மெழுகு கிடைக்கும். சாணை பிடிக்கும் ஒவ்வொரு முறையும் வாய் வெளுத்துவிடும். அங்கே மறுபடி கடுக்காய் போட வேண்டியதில்லை, வேலை முடிந்ததும் ஒரு துடைப்பு எண்ணெய் போதும். கடற்கரைக்காரர்கள் ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை எல்லாக் கருவியையும் இறக்கிப் பார்த்துவிடுங்கள். உள்நாட்டில் இருப்பவர்களுக்கு வருடத்துக்கு ஒன்று மிகை.

மரக் கைப்பிடிக்கும் கடப்பாரைக்கும் ஆளி விதை எண்ணெய் மிக நல்லது. அது காற்றில் காய்ந்து தோலாகவே நிற்கும். ஆனால் காயும்போது சூடு வெளிப்படும். அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைக்கோல் மூலையில் போட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் துணியை வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் நிறைந்த வாளியில் முக்கி வையுங்கள்.